ஈ.சி.ஜி. இதயம் என்கிறது, ஊதும் டெஸ்ட் நுரையீரல் என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. திருப்பூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கார்டிங் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கம் இருந்தது, இரண்டு வருடமாக விட்டுவிட்டார். ஆறு மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் சளியோடு இருமல். சர்க்கரை இல்லை, பிரஷர் லேசாக உண்டு. ஊரில் நடந்த மருத்துவ முகாமில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தாளின் மேலேயே ‘ஆன்டீரியர் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடர்மைன்ட்’ என்று அச்சாகியிருந்தது. பழைய அட்டாக் என்று சொல்லி ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால் 25 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். பிறகு எக்கோ பார்த்தோம். இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60%, இதயச் சுவர் அசைவு எல்லாம் சரி என்று வந்தது. அடுத்து ஒரு லேபில் ஊதும் டெஸ்ட் எடுத்ததில் ‘மாடரேட் ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்று வந்திருக்கிறது. நுரையீரல் சுருங்கிவிட்டது என்கிறார் லேப்காரர். அப்பாவுக்கு அட்டாக் வந்ததா, இல்லையா? நுரையீரல் சுருங்குகிறதா? மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? அப்பா ஐந்தடி நாலங்குல உயரம், 52 கிலோ. மூன்று ரிப்போர்ட்டின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மூன்று ரிப்போர்ட்டுகளில் எக்கோ ஒன்றுதான் ஒரு டாக்டர் உட்கார்ந்து பார்த்து எழுதியது. மற்ற இரண்டிலும் உங்களைப் பயமுறுத்திய வரிகளை எழுதியது மெஷினுக்குள் இருக்கும் மென்பொருள். அந்த வரிகளை மறைத்துவிட்டுத் தாளில் உள்ள கோடுகளையும் எண்களையும் மட்டும் பார்த்தால், மூன்றும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. பீடிப் புகையாலும் பஞ்சுத் தூசியாலும் மூச்சுக்குழல்கள் குறுகிப்போகும் சி.ஓ.பி.டி. இருக்க வாய்ப்பு அதிகம். ஊதும் டெஸ்டை மறுபடி, ஒழுங்காக எடுத்தால்தான் அது உறுதியாகும். செல்போன் படத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, நானும் செய்யவில்லை. எதைத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் ஈ.சி.ஜி. இது இதயத்தின் மின்னோட்டத்தைத் தோலின் மேலிருந்து பதிவு செய்கிறது. ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று அது நேராகப் பார்ப்பதில்லை. தசைக்கு ரத்தம் குறைந்தாலோ, தசை செத்துத் தழும்பாகிவிட்டாலோ மின்னோட்டத்தில் வரும் மாற்றத்தைத்தான் காட்டும். கை கால்களில் நான்கு, மார்பில் ஆறு என்று பத்து இடத்தில் மின்முனை வைக்கிறார்கள். அதிலிருந்து பன்னிரண்டு கோணங்கள் கிடைக்கின்றன. மார்பில் வைப்பவை வி1 முதல் வி6 வரை. ஆரோக்கியமான இதயத்தில் வி1-ல் குட்டியாக இருக்கும் ஆர் அலை (மேல்நோக்கி எழும் கூர்முனை), வி2, வி3, வி4 என்று நகர நகர வளர்ந்துகொண்டே போகும். உங்கள் அப்பாவின் தாளில் வி3 வரை அது வளரவில்லை. ‘புவர் ஆர் வேவ் ப்ரோக்ரெஷன்’ என்று அச்சாகியிருப்பது இதைத்தான். இதயத்தின் முன்சுவரில் பழைய தழும்பு இருந்தால் இப்படி வரும். அதனால் மென்பொருள் அடுத்த வரியிலேயே ‘இன்ஃபார்க்ட்’ என்று போட்டுவிட்டது. ‘ஏஜ் அன்டிடர்மைன்ட்’ என்றால் எப்போது வந்தது என்று சொல்ல முடியாது என்று பொருள். எப்போது என்பது மட்டுமில்லை, வந்ததா என்பதையே அந்த மென்பொருளால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே தாளின் ஓரத்தில் ‘அன்கன்ஃபர்ம்டு’ என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். டாக்டர் இன்னும் பார்த்து உறுதி செய்யவில்லை என்று மெஷினே ஒப்புக்கொள்கிறது.

ஆர் அலை வளராமல் போக வேறு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுமே உங்கள் அப்பா விஷயத்தில் பொருந்தக்கூடியவை.

ஒன்று, மின்முனைகளை மேலே ஏற்றி வைத்துவிடுவது. வி1, வி2 இரண்டும் நடு மார்பெலும்பின் வலது, இடது ஓரங்களில், நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தொண்டைக் குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் சுமார் 5 செ.மீ. தள்ளி எலும்பில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து இன்னும் இரண்டு பள்ளம் இறங்கினால் நான்காவது. வி4 ஐந்தாவது இடைவெளியில், காரை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே வரும். வி3 அதற்கும் வி2-க்கும் நடுவில். வி5, வி6 இரண்டும் வி4-ன் அதே மட்டத்தில், அக்குளின் முன்கோட்டிலும் நடுக்கோட்டிலும். இப்படி எண்ணிப் பார்த்து வைக்க அரை நிமிடம் போதும். ஆனால் முகாமில் வரிசை நீளும்போது கண்ணளவில்தான் வைப்பார்கள். கண்ணளவில் வைத்தால் வி1-ம் வி2-ம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது இடைவெளிக்கு ஏறிவிடும். அங்கிருந்து பார்த்தால் நல்ல இதயத்திலும் ஆர் அலை குட்டையாகவே தெரியும். வி1, வி2-ல் பி அலை (துடிப்பின் தொடக்கத்தில் வரும் சிறு மேடு) தலைகீழாகிவிடும். இல்லாத பழைய அட்டாக்கைத் தாளில் வரவழைக்க இது ஒன்றே போதும்.

இரண்டாவது காரணம் நுரையீரல். சி.ஓ.பி.டி.யில் காற்று முழுதாக வெளியேற முடியாமல் உள்ளே தேங்கி, நுரையீரல் உப்பிவிடும். உதரவிதானம் கீழே தள்ளப்படும். அதோடு இதயமும் இறங்கிச் செங்குத்தாகத் தொங்கும். மின்முனையைச் சரியான இடத்தில் வைத்தாலும், இதயத்தைப் பொறுத்தவரை அது மேலே வைத்தது போலத்தான். இடையில் உள்ள காற்று மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் அலைகளும் சிறுத்துவிடும். நீங்கள் அனுப்பிய படத்தில், பன்னிரண்டு கோணங்களில் ஒன்றான லீட் 1-ல் பி, க்யூ.ஆர்.எஸ்., டி மூன்று அலைகளுமே தேய்ந்துபோய்க் கிடக்கின்றன. லீட் 2-ல் பி அலை கூர்மையாக, இரண்டரைச் சிறு கட்டத்தைத் தாண்டி நிற்கிறது. இதயத்தின் மின்னோட்ட அச்சு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் நுரையீரலை நினைக்க வேண்டும். மென்பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கெடுத்ததே தவிர, சேர்த்துப் பார்க்கவில்லை.

வலது கை, இடது கை வயர் மாறிப்போனாலும் அச்சு வலப்பக்கம் போகும். அதையும் பார்த்துவிட வேண்டும். மாறியிருந்தால் லீட் 1-ல் பி அலை உட்பட எல்லாமே தலைகீழாக இருக்கும், ஏ.வி.ஆர். என்ற கோணத்தில் நிமிர்ந்திருக்கும். உங்கள் அப்பாவின் தாளில் அப்படி இல்லை. நம் ஊரில் அதிகம் புழங்கும் வண்ணமுறையில் வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கருப்பு. அடுத்த முறை படுத்திருக்கும்போது நீங்களே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே எக்கோவில் முன்சுவர் நன்றாக அசைகிறது, ஈ.சி.ஜி.யில் நுரையீரல் அடையாளங்கள் இருக்கின்றன என்னும்போது, பெரிய அட்டாக் வந்துபோன வாய்ப்பு குறைவு. ஒரு ஈ.சி.ஜி.யை நிதானமாகத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். மார்பில் முடி இருந்தால் அந்த இடங்களில் மழித்து, எண்ணெய், பவுடர் போகத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். சக்‌ஷன் பல்பு வைக்கும் இடத்தில் ஜெல்லை ஒரே பூச்சாக இழுத்துத் தடவக் கூடாது. வி1 ஜெல் வி2-ஐத் தொட்டால் இரண்டும் ஒரே முனையாகிவிடும். ஆறு இடமும் இப்படி ஒட்டினால் ஆறு கோணமும் ஒன்றுபோலவே வரும். தாளில் வேகம் நொடிக்கு 25 மி.மீ., உயரம் மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டரையும் கேளுங்கள். கோடு அழகாக வர வேண்டும் என்று கீழ் எல்லையை 0.5 ஹெர்ட்ஸில் வைத்துவிடுவது பல இடங்களில் வழக்கம்; அதனால் அட்டாக்கைத் தேடிப் பார்க்கும் எஸ்.டி. பகுதி உருமாறித் தெரியக்கூடும். நோய் பார்க்க எடுக்கும்போது 0.05-ல் இருப்பதே நல்லது. உங்கள் அப்பாவைப் போல ஒல்லியாக, மார்பு உப்பியவருக்கு வழக்கமான இடத்தில் ஒரு தடவையும், மார்பு முனைகளை ஒரு விலா கீழே இறக்கி இன்னொரு தடவையும் எடுத்துப் பார்க்கலாம். கீழே இறக்கியதும் ஆர் அலை வளர ஆரம்பித்தால் காரணம் தழும்பில்லை என்பதற்கு அது நல்ல ஆதாரம். இரண்டாவது தாளில் ‘ஒரு இடைவெளி கீழே’ என்று பேனாவால் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து பார்ப்பவர் இதையும் வழக்கமான தாள் என்று நினைத்துக் குழம்புவார்.

பழைய ஈ.சி.ஜி.யைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தாள் கையில் இருப்பது புது மெஷினைவிடப் பெரிய உதவி. ஆனால் அது வெப்பத்தால் அச்சாகும் தாள், சில மாதங்களிலேயே மங்க ஆரம்பிக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடையில் கொடுத்தால் சூட்டில் முழுத் தாளும் கருத்துப்போகும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, வெளிச்சத்தில் நேராகப் படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாமல் விட முடியாது. வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்பதால் இதயம் நார்மல் என்று ஆகாது. அட்டாக் வந்துகொண்டிருக்கும் முதல் நிமிடங்களில்கூடச் சில நேரம் நார்மலாக இருக்கும். அதனால்தான் வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்கிறார்கள், ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் கூடும் புரதம்) பார்க்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீரென்று கூடிய மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் ‘ஏற்கெனவே நுரையீரல்னு சொன்னாங்களே’ என்று வீட்டில் உட்கார வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

இனி ஊதும் டெஸ்ட். நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருந்தாலும் விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஈ.சி.ஜி.க்குச் சும்மா படுத்திருந்தால் போதும். ஸ்பைரோமெட்ரி என்னும் இந்த ஊதும் டெஸ்ட் அப்படியில்லை. நோயாளி முழு பலத்தோடு ஊத வேண்டும், எடுப்பவர் அவரை ஊத வைக்க வேண்டும். இருவரில் ஒருவர் தளர்ந்தாலும் எண் தப்பாகிவிடும், ஆனால் மெஷின் அதையும் இரண்டு தசம இடத்துக்கு அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடும். மூச்சை நிறைய இழுத்து, முழு வேகத்தில் கடைசிவரை வெளியே தள்ளும் மொத்தக் காற்று எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு நொடியில் வெளிவந்தது எஃப்.இ.வி.1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் விகிதம்தான் மிக முக்கியமானது. மூச்சுக்குழல் குறுகியிருந்தால், வாய் குறுகிய சீசாவைக் கவிழ்த்ததுபோல, உள்ளே இருப்பது வெளியே வர நேரமாகும். முதல் நொடியின் பங்கு குறையும், விகிதம் இறங்கும். நுரையீரலே சுருங்கியிருந்தால் மொத்தக் காற்றும் குறைவு, ஆனால் வெளியேறும் வேகத்தில் தடை இல்லை. விகிதம் சரியாகவே இருக்கும், சில நேரம் கூடும்.

உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் எஃப்.வி.சி. 1.90 லிட்டர், இருக்க வேண்டியதில் 58%. எஃப்.இ.வி.1 1.35 லிட்டர், 54%. விகிதம் 71%. மொத்தம் குறைவு, விகிதம் 70-க்கு மேல், ஆகவே ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்று மென்பொருள் கணக்குப் போட்டுவிட்டது. ஆனால் அதே தாளின் கீழே ஊதிய நேரம் 2.4 நொடி என்று இருக்கிறது. அவர் இரண்டரை நொடியில் நிறுத்திவிட்டார். கனஅளவு, நேரம் காட்டும் கோடு கடைசியில் தட்டையாகவில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போதே வெட்டுப்பட்டு நிற்கிறது. அதாவது உள்ளே இன்னும் காற்று இருந்தது, அது எண்ணில் வரவில்லை. அவர் கடைசிவரை ஊதியிருந்தால் மொத்தம் 2.5 லிட்டர் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.35-ஐ 2.5-ஆல் வகுத்தால் 54%. அது தெளிவான அடைப்பு. இரண்டரை நொடியில் நிறுத்தியதால் அடைப்பு நோய் சுருக்க நோயாக வேடம் போட்டுவிட்டது. அடைப்பு உள்ளவர்களுக்குக் காற்று மெதுவாகத்தான் வெளியேறும்; அதனால் பாதியில் நிறுத்தினால் தப்பாகப் போவதும் அவர்களுக்குத்தான் அதிகம்.

இன்னொரு வளைவையும் பாருங்கள். வேகம் ஒரு பக்கம், கனஅளவு ஒரு பக்கம் என்று வரைந்தது. உச்சியிலிருந்து நேர்கோடாக இறங்க வேண்டியது உங்கள் அப்பாவுக்கு உள்பக்கமாகக் குழிந்து இறங்குகிறது. அந்தக் குழிவு அடைப்பின் அடையாளம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்ற வார்த்தையை நான் நம்ப மாட்டேன். வளைவுகள் இல்லாமல் எண்கள் மட்டும் அச்சடித்துத் தரும் ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்டை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. நல்லவேளை உங்கள் லேப் வளைவையாவது கொடுத்திருக்கிறது.

நுரையீரல் சுருங்கிவிட்டதா என்பதை ஊதும் டெஸ்டால் மட்டும் சொல்லவும் முடியாது. ஊதி முடித்த பிறகும் உள்ளே ஒரு பங்கு காற்று மிச்சமிருக்கும், அதை இந்த மெஷின் அளப்பதில்லை. நுரையீரலின் மொத்தக் கொள்ளளவை அளக்கும் பரிசோதனை பெரிய மருத்துவமனைகளில் தனியாக இருக்கிறது. நன்றாக ஊதியும் எஃப்.வி.சி. குறைவாகவே இருந்தால் அதற்குப் போகலாம்.

உயரத்திலும் ஒரு கோளாறு நடந்திருக்கிறது. ஐந்தடி நாலங்குலம் என்றால் சுமார் 163 செ.மீ. ரிப்போர்ட்டில் 170 என்று இருக்கிறது. அளக்காமல் போட்டிருக்கிறார்கள், அல்லது செருப்போடு, கண்ணளவில். நுரையீரலின் கொள்ளளவு உயரத்தைப் பொறுத்தது என்பது 1846-லேயே ஜான் ஹட்சின்சன் தன் ஸ்பைரோமீட்டரை வைத்து லண்டனில் காட்டிவிட்ட விஷயம். இன்றைக்கும் ‘இருக்க வேண்டிய அளவு’ என்ற எண்ணை மெஷின் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் போடுகிறது. 7 செ.மீ. கூட்டிப் போட்டால் எதிர்பார்க்கும் அளவு ஏறத்தாழ 300 மி.லி. கூடிவிடும், உங்கள் அப்பாவின் சதவீதம் அந்த அளவுக்கு வீணாகக் கீழே போயிருக்கிறது. விகிதத்தை இது தொடாது, சதவீதத்தைத் தொடும். முதுகு வளைந்தவர்களுக்கு இரு கைகளையும் விரித்து விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து உயரத்துக்குப் பதிலாகப் போடுவார்கள்.

திரும்ப எடுக்கப் போகும் முன் ஒரு மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் முடித்துவிடுங்கள். ஆறு மாத இருமல் என்றால் நம் நாட்டில் டி.பி.யை விலக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். அரசு சுகாதார நிலையங்களில் சளிப் பரிசோதனை இலவசம். டி.பி. இருக்கலாம் என்னும்போது மூடிய அறையில் ஊத வைப்பது அங்கே வேலை செய்பவர்களுக்கும் ஆபத்து. பழைய டி.பி. தழும்பு இருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அதுவும் ஊதும் டெஸ்டின் எண்களைக் குறைக்கும்.

போகும் அன்று நடைமுறை இது. அவர் ஏதாவது இன்ஹேலர் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுவதாக இருந்தால், மூச்சுக்குழலை விரிக்கும் சால்புடமாலை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நாள் முழுக்க வேலை செய்யும் வகைகளுக்கு 24 முதல் 48 மணி நேரம் வரை. எதை எவ்வளவு நேரம் என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல் தாங்கவில்லை என்றால் மருந்தைப் போட்டுக்கொண்டு, போட்ட நேரத்தைச் சொல்லிவிட்டால் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுப் போக வேண்டாம். இறுக்கமான பேன்ட், பெல்ட் வேண்டாம். வேட்டியையும் தளர்த்திக் கட்டிக்கொள்ளலாம். பல் செட் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் கழற்றக் கூடாது, உதடு நன்றாகப் பிடிக்க அது உதவும். கடந்த வாரங்களில் கண், வயிறு, மார்பு ஆபரேஷன் எதுவும் நடந்திருந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். புதிதாக அட்டாக் வந்திருந்தால் முதல் வாரத்தில் இந்த டெஸ்ட் எடுக்க மாட்டார்கள். அதனால் இதயச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஊதுவது இப்படி. கைப்பிடி உள்ள நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். மூக்கில் கிளிப். வாய்க்குழாயைப் பற்களுக்கு நடுவே வைத்து உதட்டால் சுற்றி மூட வேண்டும், நாக்கு குழாயை அடைக்கக் கூடாது. வேகமாக, இனி இழுக்க இடமில்லை என்னும் அளவுக்கு மூச்சை இழுக்க வேண்டும். இழுத்ததும் தயங்காமல், ஒரே வெடிப்பாக ஊத வேண்டும். மெதுவாகத் தொடங்கி வேகம் எடுப்பது உதவாது; எஃப்.இ.வி.1 அங்கேயே கெட்டுவிடும். முதல் நொடிக்குப் பிறகு ‘காத்து தீர்ந்துபோச்சு’ என்று தோன்றும். தீர்ந்திருக்காது. அந்த இடத்தில்தான் எடுப்பவர் ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்’ என்று விடாமல் குரல் கொடுக்க வேண்டும். கோடு தட்டையாகும்வரை, அதாவது கடைசி ஒரு நொடியில் 25 மி.லி.க்கு மேல் ஏறாமல் நிற்கும்வரை, ஊத வேண்டும். அதிகபட்சம் 15 நொடி. உங்கள் அப்பாவுக்கு எட்டு, பத்து நொடி ஆகலாம். முடிவில் ஒருமுறை ஆழமாக மூச்சை உள்ளே இழுப்பதோடு ஒரு முயற்சி முடிகிறது. தலை சுற்றினால் நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். நின்றுகொண்டு ஊத வைத்தால் மறுத்துவிடுங்கள். மயங்கி விழ வாய்ப்புண்டு.

ஒருமுறை ஊதி முடித்துக் கிளம்பினால் அது டெஸ்டே இல்லை. சரியாக அமைந்த மூன்று முயற்சிகள் வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் நடுவே எஃப்.இ.வி.1-லும் எஃப்.வி.சி.யிலும் 150 மி.லி.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் எட்டு முறைவரை முயலலாம். அதற்குமேல் போனால் ஆள் களைத்துப்போவார். முதல் நொடியில் இருமினால் அந்த முயற்சி செல்லாது. உங்களிடம் உள்ள ரிப்போர்ட்டில் ஒரே ஒரு முயற்சிதான் இருக்கிறது.

லேபில் கேட்க ஒரு கேள்வி சொல்லித் தருகிறேன்: ‘இன்னைக்கு 3 லிட்டர் சிரிஞ்சு போட்டுப் பார்த்தாச்சா?’ மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க 3 லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய சிரிஞ்சு இருக்கிறது. தினமும் அதை மூன்று வேகத்தில் தள்ளிப் பார்க்க வேண்டும்; 2.91-க்கும் 3.09-க்கும் நடுவே காட்டினால் சரி. சென்சாரில் சளியோ ஈரமோ படிந்திருந்தால் அன்று ஊதுகிறவர்களுக்கெல்லாம் எண் தப்பாக வரும். தொடங்கும் முன் சென்சாரைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தும்போது ஃபேன் காற்று பட்டாலும் கோளாறுதான். கோடு தட்டையாகாமல் ஏறிக்கொண்டே போகலாம், ஊதியதைவிட அதிகமாகக் காட்டலாம். கேள்வியைக் கேட்டதும் முழித்தால் வேறு இடம் பாருங்கள். நெஞ்சகப் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுப்பது நல்லது.

முதல் சுற்று முடிந்ததும் சால்புடமால் 400 மைக்ரோகிராம் கொடுப்பார்கள். 100 மைக்ரோகிராம் பம்பு என்றால் ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குடுவை) வழியாக ஒவ்வொன்றாக நான்கு தடவை. 15 நிமிடம் காத்திருந்து இரண்டாவது சுற்று. இதை உங்கள் லேப் செய்யவில்லை, ஆனால் சி.ஓ.பி.டி. என்று சொல்ல மருந்துக்குப் பிறகு வரும் விகிதம்தான் கணக்கு: அது 0.70-க்குக் கீழே இருக்க வேண்டும். மருந்துக்குப் பிறகு எண்கள் நன்றாக ஏறினால் ஆஸ்துமாவின் பங்கும் இருக்கிறதா என்று யோசிப்பார்கள். மருந்து போட்டதும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இரண்டு டெஸ்டும் ஒரே நாளில் என்றால் ஈ.சி.ஜி.யை முதலில் எடுத்துவிடுங்கள். சால்புடமாலுக்குப் பிறகு எடுத்தால் துடிப்பு கூடி, நடுக்கமும் கோட்டில் விழும்.

மில் வேலையைப் பற்றி நீங்கள் எழுதியது நல்லது, பலர் அதைச் சொல்வதே இல்லை. ப்ளோ ரூம், கார்டிங் இரண்டும்தான் பஞ்சுத் தூசி அதிகம் பறக்கும் இடங்கள். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடித்து, அடுத்தடுத்த நாட்களில் குறைவதாக அந்தக் காலத்தில் சொல்லியிருக்கிறாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். சொல்லியிருந்தால் அது பிஸினோசிஸ் என்ற தொழில்நோயின் அடையாளம். இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிறது. அவருக்கு இ.எஸ்.ஐ. எண் இருந்தால், வேலை பார்த்த பிரிவையும் வருடங்களையும் எழுதி எடுத்துக்கொண்டு அங்கே காட்டுங்கள்.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் எகிறக்கூடும். நிறுத்துவதானால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். மெட்டோப்ரோலால் சேர்ந்த பீட்டா பிளாக்கர் வகை என்றாலே மூச்சுக்கு ஆகாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ப்ரோப்ரனலால் போன்றவற்றுக்கு அது பொருந்தும். மெட்டோப்ரோலால் பெரும்பாலும் இதயத்தில்தான் வேலை செய்கிறது, சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்த அளவைத் தாங்கிக்கொள்வார்கள். இருந்தாலும் அதைத் தொடங்கிய பிறகு இளைப்பு கூடியதா, ஆஸ்பிரின் போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு இறுகுகிறதா என்று கவனித்துத் தேதியோடு குறித்து வையுங்கள். புதிய ஈ.சி.ஜி., எக்கோ, ஒழுங்காக எடுத்த ஸ்பைரோமெட்ரி மூன்றையும் சேர்த்து ஒரே டாக்டரிடம் காட்டி, இந்த மூன்று மாத்திரைகளும் எதற்காகத் தொடர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அட்டாக் வரவில்லை என்று தெளிவானாலும் பிரஷருக்கோ கொழுப்புக்கோ ஏதாவது ஒன்று தேவைப்படலாம். அந்த முடிவுக்கு கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் நான்கைந்து நாள் பிரஷர் அளவும் கையில் இருக்கட்டும். பின்னாளில் நெஞ்சுச் சளிக்காக அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கில் எழுதினால், தொடங்கும் முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து க்யூ.டி. (ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டம் எழுந்து அடங்கும் நேரம்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.